ஆமூர் மல்லனும் பல்லோ கே பையனும்

புறநானூற்றில் 80 முதல் 85 வரையிலான ஆறு பாட்டுகளும் ஒரே தலைவனைப் பற்றியவை. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்பவன் அவன். முதல் மூன்றைச் சாத்தந்தையாரும் பின் மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியிருக்கிறார்கள். அவற்றுள் 80ஆம் பாட்டு ஒரு மற்போரைக் காட்டுகிறது. ஆமூர் மல்லன் ஒருவனைக் கிள்ளி வீழ்த்துகிறான். மார்பில் ஒரு முழங்கால், முதுகுப்புறம் மற்றொரு கால் என்று அவனது பிடியைப் புலவர் நுணுக்கமாகச் சொல்கிறார். கிள்ளிக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் பகை. அந்தத் தந்தை இந்தக் காட்சியைக் கண்டால் நன்று என்று பாட்டு விழைகிறது. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, காணட்டும் என்பதே புலவரின் ஆசை.

இப்பாட்டை நாம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். தும்பைத்திணை என்போம், எருமை மறத் துறை என்போம், பகைகொண்ட தந்தையின் கண்முன் மகனை நிறுத்தும் அந்த நயத்தை வியப்போம். அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வணிகவியல் இரண்டாமாண்டு வகுப்பில், கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"ஐயா, அந்த மல்லனுக்கு யாருங்க சம்பளம் குடுத்தது?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். கேட்டவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவன். அன்னூருக்கு வடக்கே ஒரு தோட்டத்துச் சாளையிலிருந்து வருபவன். ஆறடி ஐந்தங்குலம், மேசைக்கடியில் முழங்கால் நுழையாமல் எப்போதும் நடைவழியில் கால்நீட்டி உட்கார்ந்திருப்பான். கல்லூரிக் கூடைப்பந்து அணியின் நடு ஆட்டக்காரன். கூடைப்பந்து எங்கள் பக்கத்தில் புதிய செய்தி அன்று. கோவையின் ஆலைகளும் பள்ளிகளும் கல்லூரிகளும் பல பத்தாண்டுகளாக வளர்த்த ஆட்டம். கோடை வந்தால் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அணிகள் வந்து இறங்கும். ஆனால் அன்னூர் வட்டத்தின் மேட்டுக்காட்டிலிருந்து ஒரு பையன் அந்தக் களத்துக்குப் போவது அடிக்கடி நிகழ்வதில்லை. அவன் நம் ஊர்க்காரன் என்பதால் காலைப் பேருந்தில் சில நாள் பார்ப்போம். மேலே கூரை இடிக்கும் என்று கழுத்தை ஒருபக்கம் சாய்த்தபடியே கணேசபுரம், கோயில்பாளையம், சரவணம்பட்டி என்று நின்றுகொண்டு வருவான்.

மல்லர்களை மன்னர்கள் புரந்தார்கள் என்று ஏதோ பொதுவாகச் சொல்லி வைத்தோம். வகுப்பு முடிந்ததும் அவன் தயங்கி நின்று கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். அமெரிக்க மல்யுத்தக் காட்சி அது. ஏழடி உயரமுள்ள ஓர் இந்திய இளைஞன் அரங்கில் நுழைந்து ஒருவனைத் தூக்கி எறிகிறான். "இவரு சத்னாம் சிங்ஙுங்க ஐயா. என்.பி.ஏ.வுக்குப் போனவருங்க" என்றான்.

அந்தப் பெயர் நமக்கு நினைவிருந்தது. 2015இல் எல்லா நாளிதழ்களிலும் வந்த பெயர்.

சத்னாம் சிங் பாமரா பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர். தந்தை பல்பீர் சிங் உழவர். அவரும் ஏழடியைத் தாண்டியவர். அந்தத் தந்தையையே இளமையில் கூடைப்பந்து ஆடச் சொன்னார்களாம். நிலத்தை யார் பார்ப்பது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். அந்த ஏக்கத்தோடு மகனைப் பத்து வயதை ஒட்டி லூதியானாவின் கூடைப்பந்துப் பயிற்சிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே அவரை உருவாக்கிய பயிற்சியாளர்களுள் முதன்மையானவர் பெயர் சங்கரன் சுப்பிரமணியன். பஞ்சாபிக் கோதுமை வயல் கதையில் இப்பெயர் வரும்போது நம் காது சற்றே நிமிரத்தான் செய்கிறது. தம் மாணவன் எட்டிய உயரத்தைக் காண அவர் இருக்கவில்லை, 2013இல் காலமாகிவிட்டார்.

2010இல் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் உதவித்தொகை பெற்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து பிராடென்டனில் உள்ள ஐ.எம்.ஜி. அகாதமிக்குச் சத்னாம் சென்றார். வயது 14. ஆங்கிலம் அறவே தெரியாது. உணவு வேறு, மொழி வேறு, ஆட்டத்தின் வேகமும் வேறு. அங்கே ஐந்தாண்டுகள். 2015 ஜூன் 25ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளினில் என்.பி.ஏ. டிராஃப்ட் நடந்தது. உலகெங்கும் உள்ள இளம் ஆட்டக்காரர்களை 30 அணிகளும் முறைவைத்துத் தெரிவு செய்யும் நிகழ்வு அது. இரு சுற்றுகளில் 60 பேர். 52ஆவது பெயராக டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி சத்னாமை அழைத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அவ்வாறு தெரிவானது அதுவே முதல்முறை. அவருடைய கதையைச் சொல்லும் ஆவணப்படம் ஒன்றும் 2016இல் வெளிவந்தது. 'நூறு கோடியில் ஒருவன்' என்பது அதன் தலைப்பின் பொருள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். நாளிதழ்கள் அதை அப்போது அவ்வளவாகச் சொல்லவில்லை. டிராஃப்டின் முதல் சுற்றில் வரும் 30 பேருக்குத்தான் உறுதியான ஒப்பந்தம் உண்டு. இரண்டாம் சுற்றுக்காரனுக்கு அணியின் பெயர் கிடைக்கும். ஒப்பந்தம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2015-16 பருவத்தில் என்.பி.ஏ.வின் புதுமுகத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் ஏறத்தாழ 5,25,000 டாலர். அதே பருவத்தில் அதன் கீழ்நிலைக் குழுமமான டி-லீக்கில் ஆண்டூதியம் தரத்துக்கேற்ப ஏறத்தாழ 13,000 டாலரிலிருந்து 25,000 டாலர் வரைதான். சத்னாம் ஆடியது இந்தக் கீழ்க்குழுமத்தில், டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற அணியில். இரண்டு பருவங்கள். அங்கும் பெரும்பகுதி இருக்கையில்தான். களத்தில் நின்றது சில நிமிடங்கள். என்.பி.ஏ.வின் முறையான பருவ ஆட்டம் ஒன்றில் அவர் ஒரு நொடிகூட ஆடியதில்லை. பாராளுமன்றத் தேர்தலில் வென்றவரைப்போல் ஊர் கொண்டாடிய ஓர் இளைஞன், அமெரிக்காவில் ஓர் எழுத்தரின் சம்பளத்துக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஏழடி உயரம் மட்டும் போதாமல் ஆட்டமே மாறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை என்பதும் உண்மை. வளையத்தடியில் மரம்போல் நிற்கும் பெரிய ஆளைவிட, தூரத்திலிருந்து எறியவும் ஓடவும் தெரிந்த நெடியவனையே அணிகள் தேடத் தொடங்கியிருந்தன.

பிறகு 2018இல் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. 2019 நவம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான பயிற்சி முகாமில் எடுத்த ஊக்கமருந்துச் சோதனையில் ஹைஜெனமைன் என்னும் பொருள் காணப்பட்டது. சில செடிகளிலும் ஊட்டச்சத்துத் தூள்களிலும் இருக்கக்கூடியது அது. 2020 டிசம்பரில் இரண்டாண்டுத் தடை விதித்தார்கள். 2019 நவம்பரிலிருந்து அது கணக்கிடப்பட்டது. அந்தத் தடை முடியும் முன்னரே, 2021இல், ஆல் எலைட் ரெஸ்லிங் என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தில் ஒப்பந்தமானார். 2022 ஏப்ரலில் முதன்முதல் திரையில் தோன்றினார். நம் மாணவன் காட்டியது அந்த நாள்களின் காணொளியைத்தான்.

நாம் அன்று அவனுக்கு ஓர் உரை நிகழ்த்தினோம். தமிழாசிரியர்களுக்கு உரை எளிதில் வரும். அது எங்கள் தொழில்நோய். எவ்வளவு உயரத்துக்குப் போனவன், எங்கே வந்து விழுந்திருக்கிறான் பார், ஆட்டத்தை நம்பினால் இப்படித்தான், பட்டம் கையில் இருக்கவேண்டும் என்றெல்லாம் சொன்னோம். தலைகுனிந்து கேட்டுக்கொண்டே இருந்தவன் கடைசியில் மெல்லச் சொன்னான்:

"உளுகலீங்க ஐயா. சம்பளம் வர்ற எடத்துக்குப் போயிருக்காருங்க."

இதை அப்போது மறுமொழி என்றே நாம் கொள்ளவில்லை. சிறுபிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டோம்.

அவ்வாண்டு நவம்பரில் சென்னையில் ஓர் அலுவலக அணி ஆள்தேர்வு நடத்தியது. தமிழ்நாட்டில் கூடைப்பந்து வீரனுக்குத் தொழில் என்றால் பெரும்பாலும் இதுதான். வங்கி, இரயில்வே, வருமான வரித்துறை போன்றவை அணி வைத்திருக்கும்; ஆட்டத்துக்காக வேலை, வேலைக்காக ஆட்டம். தனியார் தொழில்முறைக் குழுமங்கள் வந்ததுண்டு. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. குழுமத்தில் சென்னை ஸ்லாம் என்றொரு அணியே இருந்தது. மூன்றாண்டுக்குள் அது ஓய்ந்தது. ஐ.என்.பி.எல். 2022இல் வந்தது. ஆனால் வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பது எந்த அலுவலகம் என்றுதான்.

இந்த ஏற்பாட்டை இழிவாகச் சொல்வதாக எண்ணவேண்டாம். அனிதா பால்துரையை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பெண், தென்னக இரயில்வேயில் பணி. 2000 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். இருபது வயது நிறையுமுன்னரே அதன் தலைவியானார். தோகாவில் 2013இல் நடந்த ஆசிய மூவர் கூடைப்பந்துப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். மகப்பேற்றுக்குப் பின் திரும்பி வந்து, 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியா வென்று முதற்பிரிவுக்கு ஏறியபோதும் ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ வந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு பெண் இப்படி ஆட முடிந்ததற்குப் பின்னால் மாதந்தோறும் முதல் தேதி வந்த ஓர் அரசுச் சம்பளமும் இருந்தது என்றே நாம் நம்புகிறோம். சத்னாமுக்கு வானம் கிடைத்தது. காலூன்ற இப்படியொரு திண்ணை கிடைக்கவில்லை. இருவரையும் ஒரே தராசில் வைப்பது முறையல்லதான். ஆயினும் மனம் வைத்துப் பார்க்கிறது.

நம் மாணவனைத் தேர்வுக்கு அழைத்திருந்த நாளில் பகுதி ஒன்று தமிழ்ப் பருவத்தேர்வு வந்தது. நம் தாள். தாள் போனால் அரியர் வைத்து ஏப்ரலில் எழுதிக்கொள்ளலாம். பெரிய இழப்பு இல்லை என்று இப்போது எழுத வருகிறது. அன்று வரவில்லை. எழுதாமல் போகக்கூடாது என்றோம். அவன் பிடிவாதமாக நின்றதும் அவன் தந்தையின் எண்ணை வாங்கிப் பேசினோம். அவர் நம்மைப் பார்த்ததுகூட இல்லை. "வாத்தியாருங்க சொன்னாச் சரிங்க. நான் சொல்லிக்கறனுங்க" என்றார். மகன் சென்னைக்குப் போகவில்லை. தேர்வு எழுதினான், 80ஆம் பாட்டு வினாத்தாளில் வந்திருந்தது. ஐம்பத்து நான்கு மதிப்பெண் வாங்கினான்.

மறு ஆண்டு அந்த அலுவலகம் ஆள் எடுக்கவில்லை. காலியிடம் இல்லை என்றார்கள்.

அவன் நம்மிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. பேருந்தில் பார்த்தால் கழுத்தைச் சாய்த்தபடியே வணக்கம் வைப்பான். அந்த வணக்கத்தில் குறை ஏதும் இல்லாததுதான் நமக்கு இடைஞ்சலாக இருந்தது. சொல்லியிருந்தால் ஏதாவது வாதாடி நம்மை நாமே விடுவித்துக்கொண்டிருப்போம். 2024 ஏப்ரலில் பட்டம் முடித்தான். அதற்குள் வேறோர் அணி அவனை ஒப்பந்த ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டிருந்தது. வேலை இல்லை, பருவத்துக்கு ஒரு தொகை, ஆடப்போகும் நாளுக்குப் படி.

அவ்வாண்டு மே மாதம் கோவையில் ஓர் அகில இந்தியப் போட்டி. அவனுடைய அணியும் வந்திருந்தது. ஒரு மாலை அன்னூர் மன்னீஸ்வரர் கோயில் வீதியில் நாம் போய்க்கொண்டிருக்கையில் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு நெடிய மனிதர் எதிரே வந்து நின்றார். யாரென்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை; உயரம் சொல்லிற்று.

"சாருங்க, பையன் பந்தாடறான்னு ஊரே சொல்லுதுங்க. நான் ஒரு நாளுங்கூடப் பாத்ததில்லீங்க" என்றார். ஏன் என்று கேட்டோம். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அது வரும் நேரத்தில் மோட்டார் போட்டு வாழைக்குத் தண்ணீர் கட்டவேண்டும், மாட்டை அவிழ்த்துக் கட்ட ஆள் இல்லை என்றார். அன்று மட்டும் பங்காளி வீட்டுப் பையனை வைத்துவிட்டு வந்திருக்கிறார். கோவையில் அந்த மைதானம் எங்கே என்று தெரியவில்லை. வாத்தியாரைக் கேட்டால் சொல்லுவார் என்று மகன் சொன்னானாம்.

நாமே அழைத்துப் போனோம். வ.உ.சி. பூங்காவை அடுத்த மாநகராட்சிக் கூடைப்பந்து அரங்கில் படிக்கட்டுகள் நிறைந்திருந்தன. விளக்கொளியில் தளம் பளபளத்தது. காலணி உராயும் கிறீச்சொலி விடாமல் கேட்டது. அவர் செருப்பைக் கழற்றிப் படியின் கீழ் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மகன் மஞ்சள் பனியனில் இருக்கை வரிசையில் கடைசியில் இருந்தான். முதல் கால்பகுதி போயிற்று. இரண்டாம் கால்பகுதியும் போயிற்று. அவன் எழவில்லை. துண்டை மடிப்பதும் வந்தவர்களுக்குத் தண்ணீர் நீட்டுவதுமாக இருந்தான். நமக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தித்தன் வந்து உட்கார்ந்துவிட்டான், கிள்ளி பெஞ்சில் இருக்கிறான் என்று ஓர் அற்ப நகைச்சுவை தோன்றி, தோன்றியதற்காக நம்மீதே சினமும் வந்தது.

நான்காம் கால்பகுதியில் நடு ஆட்டக்காரன் ஐந்தாவது தவறு செய்து வெளியேறினான். பயிற்சியாளர் கைகாட்ட, இவன் எழுந்து பனியனை உள்ளே செருகிக்கொண்டு ஓடினான். அப்போது நான்கு நிமிடங்களும் சில நொடிகளும் பாக்கி. புள்ளி ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் எதிரணியின் பெரிய ஆள் வளையத்துக்குக் கீழ் முதுகைக் கொடுத்துத் தள்ளியபோது, இவன் முழங்காலை மடக்கி, பாதத்தை அகலமாக ஊன்றி, ஓர் அங்குலமும் நகராமல் நின்றான். மறுபடி தள்ளினான், மறுபடியும் நின்றான். பலகையில் பட்டுத் தெறித்த பந்தை மூன்றுமுறை இரு கையாலும் பற்றிக் கூட்டாளியிடம் கொடுத்தான். கைதட்டியவர்கள் பந்தைப் போட்டவனுக்குத் தட்டினார்கள். இருபது ஆண்டுகள் மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தும் அந்தப் பாட்டில் முழங்காலும் காலும் எதற்காக அவ்வளவு விரிவாக வருகின்றன என்பதை நாம் அங்கே உட்கார்ந்துதான் பார்த்தோம். அடியில் கிடந்தவனும் இப்படித்தான் ஊன்றியிருப்பான் போலும். புலவர் ஊரைச் சொன்னார், அவன் பெயரைச் சொல்லவில்லை.

அணி ஏழு புள்ளியில் வென்றது. மகன் வந்து தந்தையின் முன் நின்றான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "சாப்ட்டியா சாமி" என்று அவர் கேட்டார். அவன் தலையாட்டினான். நம்மிடம் திரும்பி, "வந்தீங்களேங்க ஐயா" என்றான். 2022 நவம்பரைப் பற்றி அப்போதே சொல்லிவிடவேண்டும் என்று வாய்வரை வந்தது. அணிக்காரர்கள் அழைக்கவே அவன் போய்விட்டான்.

காந்திபுரத்தில் கடைசிக்கு முந்தைய சத்தியமங்கலம் வண்டி கிடைத்தது. இருக்கை இருந்தது. சரவணம்பட்டி தாண்டும்வரை அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நாம் சொல்லவேண்டியதை அவரிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அந்தத் தேர்வைப் பற்றித் தொடங்கினோம்: அன்று போனில் தாங்கள் கேட்டுக்கொண்டது நம் பிழை, அவனைப் போகவிட்டிருக்கவேண்டும். அவர் முழுக்கக் கேட்டார். "நீங்க நல்லதுக்குத்தானுங்களே சொன்னீங்க" என்றார். அதற்குமேல் அதில் அவருக்கு ஒன்றும் இல்லை. அது ஆறுதலாகவும் இல்லை.

கோயில்பாளையத்தில் வண்டி நின்றபோது அவர் நம் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சாருங்க, உக்காந்திருந்த நேரத்துக்கும் படி உண்டுங்களா?"

உண்டு என்றோம். ஆடினாலும் ஆடாவிட்டாலும் நாள்கணக்குத்தான் என்றோம்.

"அப்பச் சரிங்க" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, கரண்ட் வந்துவிட்டதா என்று தோட்டத்துக்குப் பேசினார்.